எங்கள் கிணற்றுக்கு வந்த பாட்டில்கள்

மேல் ஊரிலிருந்து ஒருவர் வந்து எங்கள் வளவுக் கிணற்றில் தண்ணீர் சேந்தியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சொந்த வாளி, சொந்தக் கயிறு கொண்டு வந்திருந்தார். எங்கள் கயிற்றை அவர் தொடவில்லை. சேந்திய தண்ணீரைப் புனல் வைத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, மூடியைத் திருகி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். செம்பருத்தி நிறம்.

"அருமையா இருக்குது" என்றார்.

என் அக்கா குடத்தோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதே தண்ணீரில்தான் அவள் காலையில் சோறாக்கியிருந்தாள். சோறு ரோஸ் நிறத்தில் இருந்தது. நான் தின்றேன். கசக்கும், ஆனால் பசிக்கு இறங்கிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நொய்யலாற்றங்கரையில், திருப்பூருக்குக் கிழக்கே இருக்கிறது அந்த ஊர். நிலம் வைத்திருப்பவர்கள் மேட்டில் இருந்தார்கள், அது ஊர். அவர்களிடம் கூலிக்குப் போகிறவர்கள் ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருந்தார்கள், அது வளவு. சாயப்பட்டறைகள் ஆற்றில் விட்ட தண்ணீர் முதலில் பள்ளத்துக்குத்தான் வந்தது. மேட்டுத் தோட்டங்களின் கிணறுகள் காவி நிறமாகிக் கொண்டிருந்தபோது வளவுக் கிணறு சிவப்பு, நீலம், பச்சை என்று எல்லாம் பார்த்துவிட்டது. அமெரிக்காவில் எந்த நிற பனியன் விற்கிறது என்று அக்காவின் குடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அக்கா வீட்டுக்காரர் பட்டறையில்தான் துணி முக்கினார். முழங்கை வரை கறை. வேலை முடிந்து வந்து குடத்தை எட்டிப் பார்த்து, "நேத்து நான் முக்குனது இன்னிக்கு உங்கக்கா கொடத்துக்கு வந்திருச்சு பாரு மாப்ள" என்பார். சிரிக்கத்தான் செய்வோம். காட்டு வேலையைவிட அங்கே கூலி கூட, யாரும் பேர் சொல்லி அதட்டுவதில்லை. விட்டுவிடு என்று யார் சொல்ல முடியும்?

நான் ஏழாவதோடு நின்றவன். அன்னூரில் பஞ்சு மூட்டை தூக்கினேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவல் இருந்தேன், யானை வந்து குடிசையைச் சாய்த்ததும் கிளம்பிவிட்டேன். அப்புறம் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பேர்களைச் சொல்லிக் கத்தி ஆள் ஏற்றுகிற வேலை. அதில் தொண்டை நன்றாகப் பழகிவிட்டது. காய்ச்சல் வந்து படுத்து, அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று வந்தவன்தான் இதில் மாட்டினேன்.

ஆற்றைக் காப்பாற்ற ஊரில் ஒரு குழு போட்டிருந்தார்கள். தலைவர் மேட்டில் பெரிய தோட்டக்காரர். அவருடைய தென்னைகள் குருத்துக் காய்ந்து மொட்டையாக நின்றன. அது பொய்யில்லை. மரம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடப்பார். அவர் வீட்டில் குடிக்க மட்டும் மேட்டோரத்து ஆழ்துளைக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. எனக்குத் தொண்டை உண்டு என்று யாரோ சொல்லி, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏப்பா, நீ நல்லாக் கத்துவியாமா?"

"கத்துவனுங்க பண்ணாடி." தோட்டக்காரரைக் கூலிக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அப்ப மைக்க நீயே புடிச்சுக்க. இது உன்னோட ஆறு, என்னோட ஆறுன்னு இல்லப்பா. ஆறு எல்லாத்துக்கும் பொது."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வளவில் வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினேன். "பைப்பு வரும், நல்ல தண்ணி வரும், வாங்க" என்றேன். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நம்ம வளவுக்கு வருமா?"

"ஊருக்கு வந்தா நமக்கு வராதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் மேல் இல்லை.

ரோட்டில் மறியல் நடந்தது. வளவுப் பெண்கள் காலிக் குடங்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். குடம் தூக்கிய பெண்கள் முன்னால் இருந்தால்தான் பேப்பரில் போட்டோ வரும் என்று குழுவில் முடிவாகியிருந்தது. குழுக்காரர்கள் வீட்டுப் பெண்கள் யாரும் வரவில்லை. லத்தி முன்வரிசையில்தான் முதலில் இறங்கியது. அக்காவுக்கு முதுகில் பட்டது. எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மத்தியானம் போலீஸ்காரர்கள் எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். ஊரும் வளவும் ஒரே தரையில் உட்கார்ந்து தின்றோம். தலைவர் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஊறுகாய் இருக்குதாப்பா?" என்று என்னிடமே கேட்டு வாங்கினார். இனி எல்லாம் மாறிவிடும் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒரு பொட்டலம் சோற்றில் ஒரு மனுசன் எவ்வளவு ஏமாறலாம் என்பதற்கு நானே சாட்சி.

மறியலுக்குப் பிறகுதான் கோவையிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. அதற்காகத்தான் வளவுக்குப் பாட்டில் வந்தது. தோட்டத்துக் கிணறுகளில் பிடித்துப் பார்த்தார்களாம், காபித்தண்ணி மாதிரி இருந்ததாம், பார்க்கிறவருக்கு உறைக்காதாம்.

அதிகாரி வளவுக்கு வரவில்லை. தலைவர் தோட்டத்தில் புளியமரத்து நிழலில் மேசை போட்டு, பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எங்கள் கிணறு நடுவில் இருந்தது, மாப்பிள்ளை மாதிரி. பெண்களைக் குடத்தோடு வெயிலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். குடத்தில் தண்ணீரும் அதே சிவப்புத்தான்.

அதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "இது எந்தக் கிணறு?"

"எங்க ஊர்க் கெணறுங்க சார்" என்றார் தலைவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கிணற்றை அவர் வாயால் ஊர்க் கிணறு என்று சொன்னது அன்றைக்குத்தான்.

"இதையா குடிக்கிறீங்க?"

"வேற வழிங்க சார்? ஊரே இதைத்தானுங்க குடிக்குது."

அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். சொம்பை உள்ளே விட்டு மொண்டு, முந்தானையால் வெளிப்புறத்தைத் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். எங்கள் பக்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பதுதான் வழக்கம். கொடுத்ததை மறுக்கக்கூடாது என்பதும் வழக்கம். அக்கா கையால் தலைவர் வாங்கிக் குடிக்கமாட்டார் என்பது எல்லாவற்றுக்கும் மேலான வழக்கம்.

"ரொம்ப நேரமா பேசிட்டே இருக்கறீங்க பண்ணாடி. ஒரு வாய் குடிச்சுட்டுப் பேசுங்க."

தலைவர் சொம்பைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இன்னிக்கு நான் வெரதம் அம்மணி."

வாய் நிறைய வெற்றிலை போட்டிருந்தார். பாட்டில் தண்ணீரும் அவர் உதடும் ஒரே நிறம். மற்ற நாளில் "ஏ புள்ள" என்று கூப்பிடுகிறவருக்கு அதிகாரி முன்னால் அக்கா அம்மணி ஆகிவிட்டாள்.

அதிகாரி இதை ஏதோ ஊர்க் கேலி என்று எடுத்துக்கொண்டார். "நல்லவேளை, எனக்குக் குடுக்கல" என்று சிரித்தார். குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சொம்புத் தண்ணீரை மரத்தடியில் கொட்டிவிட்டு வரிசைக்குத் திரும்பினாள். மண் சிவந்தது.

ஆனால் பாட்டில் வேலை செய்தது. ஊருக்குக் குடிநீர்த் தொட்டியும் பைப்பும் சாங்ஷன் ஆயின. பள்ளம் தோண்டியவர்கள் வளவு ஆட்கள். நானும் கடப்பாரை போட்டேன். மேட்டிலிருந்து தோண்டிக்கொண்டே இறங்கினோம். ஊர் முடிகிற இடத்தில், பால் சொசைட்டி பக்கத்தில், "போதும், நிறுத்துங்க" என்றார் காண்ட்ராக்டர். வளவு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"மீதி?"

"அடுத்த கட்டத்துல பார்ப்பாங்க. அங்க வரைக்கும் பிரஷர் பத்தாதுப்பா."

வளவு இருப்பது பள்ளத்தில். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் போகாது என்று சொன்னார் அந்தப் படித்த மனிதர். சாயத் தண்ணீருக்கு யாரும் பிரஷர் கொடுக்கவில்லை, அது தானாகவே வழி கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் கடப்பாரையை வீசி எறிந்தேன். அன்றைக்குக் கூலி தரமாட்டேன் என்றார்கள். போகட்டும் என்று விட்டேன்.

சொசைட்டிக் குழாயில் வளவுப் பெண்கள் போய் நின்றால், ஊர்ப் பெண்கள் எல்லோரும் பிடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். குழாயை நாங்கள் தொடக்கூடாது. யாராவது மனசு வைத்துத் திருகிவிட வேண்டும். பெரும்பாலும் அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். திரும்பி வந்து கிணற்றில்தான் சேந்துவாள் அக்கா. அந்த வாரம் நீலம்.

தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"அவசரப்படாதப்பா. மொதல்ல ஆத்தக் காப்பாத்துவோம். ஆறு பொழைச்சா எல்லாமே பொழைச்சிரும்."

"ஆறு பொதுங்க பண்ணாடி. கொழாய் யாருதுங்க?"

"இந்த மாதிரிப் பேசுனா ஊர் ஒத்துமை கெட்டுப்போகும்" என்றார், குரல் உயர்த்தாமல். எங்கள் பக்கத்தில் மனுசனை அடிப்பதுகூட மரியாதையாகத்தான்.

மழை முடிந்த பிறகு இன்னொரு விசாரணைக் குழு வருவதாகச் சொன்னார்கள். போன அதிகாரியைவிடப் பெரிய ஆட்கள். பட்டறைகளை மூடச் சொல்லும் அதிகாரமே இருக்கிறதாம். ஆகவே மறுபடியும் பாட்டில் வந்தது. பழைய ஆள், பழைய புனல்.

கிணற்றுச் சுவரைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உருளையைக் கழற்றி வைத்திருந்தார்கள். அக்கா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நகந்துக்கங்க, ஒரு பாட்டில் சேந்திக்கறேன்" என்றார் வந்தவர்.

"தொட்டாத் தீட்டுங்க" என்றாள் அக்கா. "எங்க கெணறு. ஊர்க்காரங்க தொட்டா எங்களுக்கு ஆகாது."

பெண்கள் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கை பறந்தது.

"வெளையாடாத புள்ள. நாளைக்குப் பெரிய ஆபீசருங்க வாராங்க."

"வரட்டுங்க. உங்க தோட்டத்துக் கெணத்துல சேந்திக் காட்டுங்க."

"அதுல நெறம் பத்தாது."

"நெறம் வேணும்னா கொழாய் வேணும். போய்ச் சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் தலைவரே மொபெட்டில் வந்தார். அவர் வளவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. வண்டியை அணைக்காமல், கால் ஊன்றி நின்றார். பெண்களிடம் பேசவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏப்பா, உங்கக்காகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஆத்துக்காகத்தானே?"

"எனக்குத் தொண்டை கட்டிப்போச்சுங்க பண்ணாடி" என்றேன், கணீரென்று.

அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. கெட்ட நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

அன்று சாயங்காலமே காண்ட்ராக்டர் ஆட்களோடு வந்தார். பைப் எங்கிருந்தோ கிடைத்தது. பிரஷரும் கிடைத்தது. விடிவதற்குள் வளவின் முகப்பில் ஒரு குழாய் நின்றது. அக்கா திருகினாள். முதலில் காற்று, பிறகு செம்மண், பிறகு தண்ணீர். நிறமே இல்லாத தண்ணீர். அவள் அதைக் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் தாகத்துக்கு வராத குழாய் ஒரு பாட்டிலுக்கு ஓர் இரவில் வந்துவிட்டது. சந்தோசப்பட வேண்டும்தான். எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது.

சொன்னபடி அக்காவே கிணற்றில் சேந்தி, பாட்டிலை நிரப்பி, புளியமரத்தடிக்குக் கொண்டுபோனாள். நீலம். பெரிய ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். பட்டறைகள் மூடவில்லை. அதற்கு அப்புறமும் எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். ஆறு நிறம் மாறிக்கொண்டேதான் இருந்தது.

பாட்டிலை வைத்துவிட்டு அக்கா போகவில்லை. இடுப்பிலிருந்த குடத்தை இறக்கினாள். குழாய்த் தண்ணீர். தலைவர் வீட்டுக் குழாயில் வருகிற அதே தொட்டித் தண்ணீர். சொம்பில் மொண்டாள். அடிப்பக்கம் வரை தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"நம்ம கொழாய்த் தண்ணிங்க பண்ணாடி. சாயம் இல்லீங்க. குடிங்க."

வெயில் கொளுத்தியது. காலையிலிருந்து பேசிப் பேசி அவர் உதடு வறண்டிருந்தது. வந்தவர்கள் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கை மேசைமேல் அசையவில்லை.

"இப்பத்தான் குடிச்சேன் அம்மணி" என்றார்.

"இன்னிக்கும் வெரதமோன்னு நெனச்சேனுங்க" என்றாள் அக்கா.

சொம்பை அண்ணாந்து தன் வாயில் ஊற்றிக்கொண்டாள், எல்லோர் முன்னாலும், சொட்டு விடாமல். பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளத்தை நோக்கி நடந்தாள். நான் அவள் பின்னால் போனேன். எனக்கென்று வைத்திருந்த மைக் மேசைமேலேயே கிடந்தது.