கை வலிக்கும் என்று சொன்னேன்

நாங்கள் டெக்சாஸில் பேர்லேண்டில் இருக்கிறோம். வீட்டைத் தாங்குவது என் மனைவியின் நர்ஸ் வேலை. நான் ஐடிஐ படித்தவன். ஒரு குடோனில் அதிகாலை ஷிப்ட், மதியத்தோடு முடிந்துவிடும். அதனால் பையனை பேஸ்பாலுக்குக் காரில் கூட்டிப் போவது என் பொறுப்பு. பதினேழு வயதில் அவன் பள்ளி டீமில் பந்தெறிகிறவன் ஆகிவிட்டான்.

அந்த வருஷம் ஸ்கவுட்டுகள் வர ஆரம்பித்தார்கள். பெரிய டீம்களுக்கு ஆள் பார்க்கிறவர்கள். பெண் பார்க்க வருகிறவர்களாவது சொல்லிவிட்டு வருவார்கள், இவர்கள் அதுவும் இல்லை. கம்பி வலைக்குப் பின்னால் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, அதில் பந்தின் வேகம் தெரியும். ஆனால் வேகம் மட்டும் போதாது என்று கோச் சொன்னார். எதிராளி பந்தை விளாசின பிறகு பையன் தலையைத் தொங்கப் போடுகிறானா, முதுகு எவ்வளவு அகலம், இன்னும் எவ்வளவு சதை பிடிக்கும், எல்லாம் பார்ப்பார்களாம். இன்றைக்கு எப்படி ஆடுகிறான் என்பதைவிட இன்னும் ஐந்து வருஷத்தில் என்ன ஆவான் என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. அதற்காக அப்பா அம்மாவின் உடம்புவாகைக்கூடப் பார்ப்பார்களாம்.

நரைத்த மீசைக்காரர் ஒருவர் மூன்று மேட்சுக்கு வந்தார். மூன்றாவது தடவை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தார்.

"உங்க உயரம் என்ன?"

"ஐந்தடி பத்து சார்."

"அவங்க அம்மா பக்கம்?"

"என் மச்சான்கள் மூணு பேரும் பனைமரம் சார்" என்றேன். என் அரைகுறை இங்கிலீஷில் அது எப்படி விழுந்ததோ, சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பிறகு பையனைப் பார்த்தபடி, "இப்படி ஒரு கையைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

முந்தின வாரம்தான் கோயிலில் ஒரு ஆன்ட்டி, "உங்க பையன் ஹீரோ கணக்கா வளர்ந்துட்டானே!" என்று சொல்லி, மறுநாளே அவனுக்குக் காய்ச்சல். என் மனைவி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். எங்களில் பிள்ளையை யாராவது மெச்சினால் உடனே ஒரு குறை சொல்லிவிடுவோம், கண் படாது என்று. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படியெல்லாம் இல்ல சார். சும்மா டைம்பாஸுக்கு ஆடறான். கை வேற அடிக்கடி வலிக்கும், தைலம் போட்டுத்தான் தூங்குவான்."

அத்தனையும் பொய். அவன் கை ஒரு நாளும் வலித்ததில்லை.

அவர் பேனா நின்றது. "எவ்வளவு நாளா?" என்றார்.

"சின்ன வயசுலேர்ந்தே" என்று அதற்கு மேலும் ஒன்றைச் சேர்த்தேன். கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி எனக்கு.

கார்டைப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்தேன். தினமும் விளக்கேற்றி, அவர் மறுபடி வரணும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, பிராக்டிஸ் முடிந்து காரில் ஏறியதும் பையன் கேட்டான். கோச் சொல்லியிருக்கிறார்.

"அப்பா, டிட் யூ டெல் ஹிம் மை ஆர்ம் ஹர்ட்ஸ்?"

"கண் பட்டுடக் கூடாதுன்னுதான்டா..."

"லுக்கிங் அட் மீ வாஸ் ஹிஸ் ஜாப், அப்பா."

வீட்டுக்கு வந்ததும் கார்டை எடுத்துப் போன் பண்ணினேன். உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

"கோச்சிடமும் விசாரித்தேன். மார்ச்சில் உடம்பு சரியில்லை என்று இரண்டு மேட்ச் வரவில்லை என்றார். நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போனது."

அது பங்குனி உத்திரம். பையன் விரதமிருந்து பால்குடம் எடுத்தான். அதை இங்கிலீஷில் விளக்கத் தெரியாமல், உடம்பு சரியில்லை என்று கோச்சுக்கு மெசேஜ் போட்டவனும் நான்தான்.

"எத்தனையோ அப்பாக்களிடம் பேசியிருக்கிறேன். எல்லாரும் மகனைத் தூக்கி வைத்துத்தான் பேசுவார்கள். பாதியைத் தள்ளிவிடுவேன். தானாகவே குறை சொன்ன அப்பா நீங்கள் ஒருவர்தான். அதனால் முழுசாக நம்பிவிட்டேன். டீமுக்குப் பெயர்ப் பட்டியல் கொடுத்தாகிவிட்டது, அதில் உங்கள் பையன் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

காலேஜ் டீம்களுக்காவது எழுது என்று கோச் எவ்வளவோ சொன்னார். பையன் எழுதவில்லை. இப்போது ரிச்சர்ட்சனில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவன் பேஸ்பால் கையுறை கராஜில் கிடக்கிறது. நான் அதை இடம் மாற்றவும் இல்லை.

முருகன்மேல் பழி போட மாட்டேன். நான் கேட்டதற்கு வழி அவர் காலடியிலேயே இருந்தது, போன் நம்பரோடு. கும்பிட்டேனே தவிர எடுத்துப் பேசவில்லை.

போன தீபாவளிக்குப் பையன் வந்திருந்தான். கோயிலில் தெரிந்தவர் ஒருவர், "பையன் என்ன சார் பண்றார்?" என்று கேட்டார். "ஏதோ படிக்கிறான்" என்பதுதான் என் வழக்கமான பதில். அன்றைக்கு அது வரவில்லை.

"அருமையா பந்து எறிவான் சார். ஒரு நாள்கூடக் கை வலிச்சதில்ல."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஓ, கிரிக்கெட்டா?" என்றார்.

"பேஸ்பால், அங்கிள்" என்றான் பையன். "இப்ப இல்ல." சொல்லிவிட்டு, எங்கள் செருப்பைத் தேடப் போனான்.