செருப்பைக் கழற்றச் சொன்ன மின்சாரம்

கரண்ட் வேலை என்றால் காலில் செருப்பு வேண்டும். எங்கள் வீட்டில் யாராவது பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் எல்லோரும் முதலில் பார்ப்பது அவர் காலைத்தான். மற்ற நாளில் வீட்டுக்குள் செருப்போடு நடந்தால் வைகிறவர்கள், அன்றைக்கு மட்டும் தாங்களே செருப்பை எடுத்துவந்து காலடியில் போடுவார்கள். அந்த ஒழுங்கில் வளர்ந்தவன் நான். என் மனைவியின் லேப்டாப் செத்துப்போனது அந்த ஒழுங்கினால்தான்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். வீட்டில் எது நின்றுபோனாலும் திருப்புளியோடு வந்து நிற்பேன். கழற்றுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. திரும்ப மாட்டும்போது மட்டும் இரண்டு மூன்று ஸ்க்ரூ மிஞ்சும். அவற்றையெல்லாம் ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பாட்டில் நிரம்பிக்கொண்டே வருவதைப் பற்றி என் மனைவிக்குத் தனிக் கருத்து உண்டு. அவள் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு விஷயத்தை ஒரே தடவையில் சரியாகச் செய்து பழகியவள்.

போன மாசி மாதம் அவளுடைய லேப்டாப் ரொம்பவும் மந்தமாகிவிட்டது. ஆன் செய்துவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். புதிதாக ஒரு ரேம் வாங்கிப் போட்டால் பறக்கும் என்று சொன்னேன். கடையில் கொடுத்துவிடலாம் என்றாள் அவள். பத்து நிமிஷ வேலைக்குக் கடையா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அதுக்குள்ள அப்பா இருக்காக. பாத்துக்கோங்க," என்றாள்.

அவள் அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. அவர் பேசுகிற மாதிரி இருப்பது ஒரே ஒரு வீடியோதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டில் இவள் போனில் எடுத்தது. அந்தப் போன் பிறகு தண்ணீர்த் தொட்டியில் விழுந்து வீணாய்ப் போனது. அதற்குமுன் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்ததால் வீடியோ பிழைத்தது. எப்போதாவது மனசு சரியில்லை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்ப்பாள். அது அப்பாவுக்கும் மகளுக்கும் உள்ளது என்று நான் பக்கத்தில் போனதே இல்லை. பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கச் சொன்னாள். பென்டிரைவ் பள்ளிக்கூடத்தில் கிடந்தது. ரேமுக்கும் வீடியோவுக்கும் சம்பந்தமே கிடையாது என்று அவளுக்கு வகுப்பெடுத்து அனுப்பி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு மில்லில் ஷிப்ட். உதடு வெடிக்கிற வறண்ட வெயில். பாதுகாப்பு ஏற்பாடுகளை ஒன்று விடாமல் செய்தேன். தரையில் பிளாஸ்டிக் பாய், அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலி, காலில் ரப்பர் செருப்பு. விளையாட்டு விழாவில் கொடுத்த பாலியஸ்டர் பனியன் வியர்வைக்கு வசதி என்று அதைப் போட்டுக்கொண்டேன். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி வயரையும் எடுத்துவிட்டேன். உள்ளே இருந்த தூசியை நைலான் துணியால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். புது ரேமைப் பிடித்துக்கொண்டு அது உட்கார வேண்டிய இடத்தில் கையை வைத்தபோது விரல் நுனியில் சுள்ளென்று ஏதோ கடித்தது. எறும்பு என்று நினைத்தேன். பாயைத் தூக்கி எறும்பைத் தேடவும் செய்தேன்.

எல்லாவற்றையும் மாட்டி, சார்ஜரைக் குத்தி, பொத்தானை அமுக்கினால் திரை இருட்டு. பழைய ரேமையே திரும்பப் போட்டேன். அப்போதும் இருட்டுத்தான். இத்தனைக்கும் அன்றைக்கு ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை.

சாயங்காலம் அவள் வந்ததும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ போலீஸ் விசாரணை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன சட்டை, எந்தத் துணி, எதில் உட்கார்ந்தது, எந்த இடத்தில் சுள்ளென்றது. கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எறும்பு இல்ல, ஸ்டேட்டிக். மில்லுல காத்து காஞ்சு போச்சுன்னா பஞ்சு உருளையில ஒட்டிக்கிட்டுச் சுத்தும், நூலு அறும். அதுக்குத்தான் நாள் பூரா ஈரக் காத்து விடுதாக. எம்புட்டு நாளு சொல்லிருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

சொல்லியிருக்கிறாள். இரவுச் சாப்பாட்டில் பாதி நாள் இந்த ஈரக் காற்றுக் கதைதான். நான் உம் கொட்டியிருக்கிறேன். போதாததற்கு, வருடா வருடம் எபோனைட் தண்டையும் கம்பளித் துணியையும் மேசையில் எடுத்து வைப்பதே நான்தான். தேய்த்த தண்டு காகிதத் துணுக்கை இழுப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். பாடப் புத்தகத்தில் அதற்கு நிலைமின்சாரம் என்று பெயர். தேர் நிலைக்கு வந்தாச்சு என்றால் இனி அசையாது என்று அர்த்தம் அல்லவா, அதுபோல இதுவும் சும்மா கிடக்கும் சாது என்று நினைத்திருந்தேன்.

அதற்குப்பின் அவள் சண்டை போடவில்லை. மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள். "சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க இனி ஒன்றும் இல்லை என்ற நினைப்பு அவள் முகத்தில் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். ராஜபாளையத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவள் அப்பாவின் டிவியைப் பழுது பார்த்துக் கொடுத்த பாய் அங்கே கடை வைத்திருக்கிறார். நான் வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன், கடைக்கு மரியாதை என்று நினைத்து. உள்ளே பாயும் வெறுங்காலோடு ஒரு கறுப்பு விரிப்பின்மேல் நின்றார். மணிக்கட்டில் ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு சுருள் வயர் மேசைக்கு அடியில் எர்த் கம்பிக்குப் போனது.

பாய் பிரித்துப் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது என்றார். வீடியோ இருக்கும் டிஸ்க் பிழைத்திருக்கலாம், அதை வெளியே எடுத்துத் தனிப் பெட்டியில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் தெரியும் என்றார். நான் செருப்புக் கதையைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கரண்டு ஓடுற இடத்துல செருப்பு வேணும்ணே, அது ஆளக் காப்பாத்த. இங்க பிளக்கப் புடுங்கியாச்சு. நம்ம ஒடம்புல ஏறி நிக்கிறது எறங்கிப் போகணும். இது போர்டக் காப்பாத்த."

அவர் டிஸ்க்கை எடுக்கக் கை நீட்டினார். அப்போது என் மனைவி குறுக்கே வந்தாள்.

"இவியளே எடுக்கட்டும், பாய்."

பாய் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அது கோபமா, நம்பிக்கையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. பாய் பட்டையைக் கழற்றி என் மணிக்கட்டில் இறுக்கினார். வயர் எர்த்தில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று அவள் குனிந்து பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு நான் பருத்திச் சட்டை. அதுவும் அவள் எடுத்துக் கொடுத்ததுதான்.

ஸ்க்ரூவை எடுத்து, டிஸ்க்கின் ஓரத்தை மட்டும் பிடித்து, தங்க நிறப் பல்லில் விரல் படாமல் பெட்டிக்குள் தள்ளினேன். பாயின் கம்ப்யூட்டரில் செருகிய பிறகு செத்த நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு மஞ்சள் மஞ்சளாக அவளுடைய கோப்புறைகள் வந்து நின்றன. அவள் மவுஸை வாங்கி அந்த வீடியோவைத் திறந்தாள். முதல்முறையாக நானும் பார்த்தேன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் தரையில் ஒரு முதுகு தெரிகிறது. என் முதுகுதான். சுற்றிலும் அவர்கள் வீட்டு மிக்சி பல துண்டாகக் கிடக்கிறது. போன் பிடித்திருக்கும் என் மனைவியின் குரல், "எப்பா, மிக்சியயும் கழட்டிட்டாகப்பா. நீங்களாவது சொல்லுங்க," என்கிறது. மாமா திரும்பி என்னைப் பார்க்கிறார். ஒரு கடலையை வாயில் போட்டு மென்றுவிட்டுச் சிரிக்கிறார்.

"விடும்மா. மாப்ள என்னைக்காவது ஒரு நாளு சரியா மாட்டிருவாக."

அத்தோடு வீடியோ முடிந்துவிட்டது. பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கண்ணைத் துடைக்கலாம் என்று கையைத் தூக்கினேன், வயர் எட்டவில்லை.

என் மனைவி திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மாட்டிட்டாகப்பா."