பின்சீட்டு பர்க்கிஸ்

பேசுகுழாயை வாயில் வைத்தால் லெப்டினன்ட் பர்க்கிஸ் திட்டாமல் எடுப்பதில்லை. "டேய் ட்ரெம்லெட், திருப்புன்னா திருப்பேன்டா!" குழாயின் மறுமுனை முன்சீட்டில் விமானி ட்ரெம்லெட்டின் காதில் இருக்கிறது. பிடிக்காத பேச்சு வந்தால் அவன் சீட்டியடிக்க ஆரம்பித்துவிடுவான்.

கடலுக்கு மேல் தனியாகப் போகிறவனுக்குத் தன் விமானம்தாங்கிக் கப்பலுக்கு வழி தெரியாது என்று லண்டனில் யாரோ முடிவு செய்ததால்தான் ஃபுல்மர் சண்டை விமானத்தில் இரண்டு சீட்டு: முன்னால் விமானி, பின்னால் வழி சொல்ல பர்க்கிஸ். அந்தக் கனத்தில் விமானம் மந்தமாகிவிட்டது. எதிரி தப்பித்தால் பழி பர்க்கிஸ் தலையில்.

"யோவ், உன்னைக் கடல்ல இறக்கி விட்டிருந்தா அவனைப் புடிச்சிருப்பேன்," என்பான் ட்ரெம்லெட்.

"இறக்கி விடு. அப்புறம் கப்பல் எங்கேன்னு மீன்கிட்ட விசாரிச்சுக்கோ."

பின்னால் அவருக்கு ஒரு துப்பாக்கிகூடத் தரவில்லை. எவனாவது துரத்தி வந்தால் கழிவறைக் காகிதக் கட்டைப் பிரித்துக் காற்றில் வீசுவார். ஏதோ புது ஆயுதம் என்று ஓர் இத்தாலிய விமானி அதற்கே மிரண்டு விலகினான் என்று சொல்லும்போது மட்டும் முகத்தில் சிரிப்பு வரும்.

விட்ட இடத்தில் கப்பல் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். அலை நுரையைப் பார்த்துக் காற்றைக் கணித்து, வரைபடத்தில் கோடு போட்டு அதைத் தேடிப் பிடிப்பதுதான் பர்க்கிஸின் பிழைப்பு. நேற்று மால்டாவுக்கு மேற்கே அவர் வடக்கே போகச் சொன்னார். ட்ரெம்லெட்டுக்குத் தெற்கே கருப்பாக ஏதோ தெரிந்துவிட்டது.

"அதோ, நம்ம கப்பல்!"

"மேகத்தோட நிழல்டா அது! கப்பல்னா பின்னாடி நுரை எங்கே?"

அந்த நிழலில் ஏமாந்தவன் அடுத்த நிழலுக்கு விமானத்தை விட்டான். பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தது. இருவருக்கும் நடுவே பெட்ரோல் தொட்டி மட்டும் இல்லையென்றால் அவன் மண்டையில் ஒன்று போட்டிருப்பார். சீ என்று ஆகிவிட்டது. தண்ணீரில் விழத்தான் போகிறோம், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஏன் விழவேண்டும்? வாயை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சீட்டி நின்றது.

"யோவ்... இருக்கியா?"

பர்க்கிஸ் வரைபடத்தில் புதிதாக ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"பர்க்கிஸ்! ஏதாவது திட்டுய்யா!"

"வடக்கே," என்றார். உடனே திருப்பினான்.

இன்ஜின் இருமத் தொடங்கிய நேரத்தில் மங்கலுக்குள்ளிருந்து கப்பல் தெரிந்தது. இறங்கி நின்றதும் தளத்து ஆட்கள் முன்பக்கம் ஓடிவந்தார்கள். "எப்படியோ வழி கண்டுபிடிச்சு வந்துட்டீங்களே சார்!"

ட்ரெம்லெட் எழுந்து, இறக்கைமேல் நடந்து பின்னால் வந்து கையை நீட்டினான். பர்க்கிஸ் அதைத் தட்டிவிட்டார். தானே ஒரு காலை வெளியே வைத்தார். பிறகு, தட்டிவிட்ட கையையே எட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.