மூன்றாம் மாடி தாண்டியதும் ஒரு சத்தம்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் லிஃப்ட் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவருக்கே இரண்டு மாதமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது ஒரு லிஃப்ட். அதுவும் அவருடைய சொந்த அக்கா குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட்.

மூன்றாம் மாடி தாண்டியதும் 'டக்டக்டக்' என்று அடித்துக்கொள்ளும்; அப்படியே நின்றுவிடும். லிஃப்டை இயக்கும் கன்ட்ரோல் போர்டை இரண்டு தடவை மாற்றியாயிற்று. கட்டடச் செயலாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வர்ற திங்கக்கிழமை லிஃப்டைப் பூட்டிடறோம். புதுசு வர நாலு மாசம் ஆகும்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்களுக்குப் படி இருக்கிறது. அக்காவுக்குச் சக்கர நாற்காலி. வீடு ஐந்தாம் மாடி. அவள் நடத்தும் ஜெராக்ஸ் கடை தரைத்தளம்.

"நாலு மாசம் ஜன்னல் வழியா கூடையில காகிதத்தை இறக்க வேண்டியதுதான்" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே. அவருக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை லிஃப்ட் தொழில்நுட்ப மாநாடு ஒன்று நடப்பதாகவும், தனக்கு நேரமில்லை என்றும் சொல்லி, அவர் வழக்கமாகச் சாமான் வாங்கும் மின்சாமான் கடை முதலாளி தன் அனுமதி அட்டையை அவரிடம் கொடுத்தார். அக்காவுக்குச் சந்தோஷம்.

"போய்ட்டு வா. ஆனா கோட்டு போட்டவங்களைப் பார்த்தா நீ வாயே திறக்க மாட்ட. அந்தச் சத்தத்தை போன்ல பிடிச்சுட்டுப் போ. அதுவாவது பேசட்டும்."

பிடித்துக்கொண்டு போனார்.

அட்டையில் 'நிர்வாக இயக்குநர்' என்று போட்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் நாலு பக்கமும் மொய்த்துக்கொண்டார்கள். "சார், இந்த வருஷம் எத்தனை லிஃப்ட் வாங்கப் போறீங்க?" பொய் வேஷம் போட்டதுபோல அவருக்கு மனசு உறுத்தியது. கடவுளுக்கு ஒரு மன்னிப்புச் சொல்லி அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஈ காக்கை அண்டவில்லை.

மதியத்துக்குள் இரண்டு சொற்பொழிவு கேட்டார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கையில் ஒரு துணிப்பையும் நாலு பேனாவும் சேர்ந்ததுதான் மிச்சம். மூன்றாவதாகப் பேசியவர், இனி லிஃப்டே தன் கோளாறைச் சொல்லிவிடும் என்றார். கேள்வி நேரம் வந்தது. அக்காவின் நாற்காலி கண்ணுக்குள் வந்து நிற்க, கையைத் தூக்கிவிட்டார். மைக் வந்தது. போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

'டக்டக்டக்.'

கூடம் முழுக்கச் சிரிப்பு. "ஐயா, எங்க ஸ்டாலுக்கு வாங்க, புது லிஃப்ட் காட்டறோம்" என்று பேச்சாளர் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார். காது சுட, பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"அண்ணே, நில்லுங்க. அதை இன்னொரு தடவை போடுங்க."

கதவோரம் நீலச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். முழங்கை வரை கிரீஸ். கண்காட்சிக்கு வைத்த லிஃப்டைப் பொருத்த வந்த மெக்கானிக். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ரிலே சுவிட்சு விட்டு விட்டுப் பிடிக்குது. எந்த இடத்துல வருது?"

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல."

"ஏறும்போதா, இறங்கும்போதா?"

"ரெண்டுலயும் அதே இடந்தான்மா."

"அப்ப போர்டு மேல பழி போடாதீங்க. கூண்டுக்கு அடியில தொங்குற வயரைப் பார்த்தீங்களா?"

"ஒவ்வொரு இழையா மீட்டர் வச்சுப் பார்த்தேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"லிஃப்டை எங்க நிறுத்திப் பார்த்தீங்க?"

"கீழதான்" என்றார். வசதிக்காக எப்போதும் தரைத்தளத்தில் நிறுத்தித்தான் பார்ப்பார். இருபத்தாறு வருஷப் பழக்கம்.

"கீழ நிக்கும்போது வயர் வேற இடத்துல வளையும்ணே. மூணு தாண்டும்போது எந்த இடம் வளையுதோ, அங்கதான் உள்ளே அறுந்திருக்கும். நானும் ஒரு தடவை இதுல மாட்டி மூணு போர்டு மாத்தினேன்."

"மூணா? நான் ரெண்டுதான்."

"அப்ப நீங்க என்னைவிடக் கெட்டிக்காரர்" என்று சிரித்தாள். போன் நம்பரைத் துணிப்பையின் மேலேயே எழுதிக் கொடுத்தாள். நாலு பேனாவில் ஒன்றாவது எழுதியது.

ஞாயிறு காலை ஜெபம் முடித்ததும், லிஃப்டை மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நிறுத்தி மீட்டரை வைத்தார். ஏழாவது இழையில் மட்டும் மீட்டர் 'பீப்' அடிக்காமல் ஊமையாகிவிட்டது. அவருக்குக் கண் கலங்கியது. அந்த வயரிலேயே உபயோகிக்காமல் விட்டிருந்த இழை ஒன்றுக்கு இணைப்பை மாற்றினார். நாற்பது தடவை ஏற்றி இறக்கினார். சத்தமில்லை. உடனே அந்தப் பெண்ணுக்கு போன் போட்டார். "தங்கச்சி, நீங்க சொன்ன இடமேதான்."

திங்கட்கிழமை காலை செயலாளர் கையில் பூட்டோடு தரைத்தளத்தில் நின்றார். லிஃப்ட் கதவு திறந்தது. அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பூட்டு புதுசா? நல்லதாப் போச்சு. என் கடைப் பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு, இப்படிக் குடுங்க."