எல்லாம் முடிஞ்சிருச்சு

உசிலம்பட்டி அண்ணனின் அப்பா இறந்த செய்தி வந்தபோது எங்கள் கணினித் திரைகளில் வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. "எல்லாம் முடிஞ்சிருச்சு. அப்பா போயிட்டாரு. ரெண்டு நாள் லீவு வேணும் சார்" என்று அண்ணன் ஆபீஸ் குரூப்பில் எழுதியிருந்தார். அதற்கு நேர் கீழே, "அருமை! சாதிச்சிட்டீங்க! அடுத்த வேலை உங்கள் பெயரில் ஏறிவிட்டது. கெடு: இன்று மாலை" என்று ஒரு பதில். எழுதியது மனிதன் இல்லை, குரூப்பில் நாங்கள் மாட்டியிருந்த, தானாகப் பதில் போடும் ஒரு ப்ளக்-இன். அதைச் செய்தவரே அண்ணன்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அவர் வாங்கிய சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்.

விளாங்குடிப் பக்கம் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். அண்ணன் என்னைவிட மூத்தவர், தினமும் உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். ப்ளக்-இன் கேட்டது எங்கள் டீம் லீடர். யாராவது "முடிஞ்சிருச்சு" என்று குரூப்பில் போட்டால் அது உடனே பிடித்துக்கொள்ள வேண்டும், திரையில் வண்ணக் காகிதம் கொட்டிப் பாராட்ட வேண்டும், அந்த ஆள் மூச்சு விடுவதற்குள் அடுத்த வேலையைத் தலையில் கட்ட வேண்டும். கட்டியதை யாரும் இறக்க முடியாது. கெடு தாண்டினால் ஒரு தாமதம். ஒரே மாதத்தில் மூன்று தாமதம் விழுந்தால் வேலை போய்விடும். அண்ணனுக்கு அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. இரண்டும் அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாட்கள். லீடருக்கு அது தெரியும்.

பாவம், எங்கள் பையன்களுக்கு விவரம் பத்தவில்லை. ஒருவன் பதறிப்போய், "எப்பண்ணே முடிஞ்சிருச்சு?" என்று கேட்டான். மறுபடி எல்லாத் திரைகளிலும் காகிதம் கொட்டியது, அவனுக்கும் ஒரு வேலை விழுந்தது. அதற்குப் பிறகு துக்கம் விசாரிக்கக்கூட எல்லோருக்கும் பயம். குரூப் கப்சிப்பென்று ஆனது. லீடர் என் மேசைக்கு வந்து, "கிளையண்ட் குரூப்பைப் பாக்குறாங்கம்மா, அசிங்கமா இருக்கு. என்னன்னு பாரு" என்றார். அவருக்கு அசிங்கம் மட்டும்தான் தெரிந்தது.

என்னவென்று பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ப்ளக்-இன்னை அண்ணன் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். வேலையின் எண்ணும் "முடிஞ்சிருச்சு" என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் மட்டுமே அது வாயைத் திறக்க வேண்டும். எண்ணைப் பார்க்கும் அந்த ஒரு வரியை யாரோ முடக்கியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. "நம்பர் போட மறந்துட்டேன்னு டிமிக்கி குடுக்குறாங்கண்ணே, அதை எடுத்து விடுங்க" என்று லீடர் முந்தின வாரம்தான் அண்ணனிடம் சொன்னார். "சார், நம்மாளுக சோறு தின்னு முடிஞ்சாலும் முடிஞ்சிருச்சும்பாங்க, செத்தாலும் முடிஞ்சிருச்சும்பாங்க. வேணாம் சார்" என்று அண்ணன் மன்றாடியதை என் காதால் கேட்டேன். லீடர் விடவில்லை, அண்ணன் எடுத்துவிட்டார். அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

வரியைத் திரும்பப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் செர்வருக்குள் போக அண்ணனின் போனுக்கு ஓடிபி வரும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் சார் என்றேன். லீடர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணனை அழைத்தார்.

கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. எடுத்தவர் அண்ணனின் மச்சான். "மாப்ள நீர்மாலை எடுத்துக்கிட்டு வாராருங்க. தலையில கொடம் இருக்கு" என்றார். பிணத்தைக் குளிப்பாட்ட மகன் தண்ணீர் கொண்டுவரும் நேரம் அது. வேறு எவனாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு போனை வைத்திருப்பான். லீடர், "ஒரு நிமிஷம்தாங்க. மெசேஜ்ல ஒரு நம்பர் வந்திருக்கும், படிச்சுச் சொல்லுங்க" என்றார். போன் பூட்டியிருக்கிறது என்றார் மச்சான். "அவர் விரலை வைக்கச் சொல்லுங்க."

கொட்டு நின்றது. ஊரே நின்றிருக்க வேண்டும். "கை ஈரம்டா, எடுக்க மாட்டேங்குது" என்று அண்ணனின் குரல் தூரத்தில் கேட்டது. "கொடத்தைப் பிடிங்க யாராச்சும், சரியப் போகுது" என்று ஒரு பெண் கத்தினாள். "வேட்டியில தொடச்சிட்டு வைங்க மாப்ள" என்றார் மச்சான். பிறகு அண்ணனே ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "சரியா வந்துச்சா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. லீடர், "வந்துருச்சு வந்துருச்சு" என்று போனை வைத்துவிட்டு, "பாத்தியா, ரெண்டு நிமிஷ வேலை. இதுக்குப் போயி நாளைக்குங்கிற" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரியைப் போட்டேன், ப்ளக்-இன் அடங்கியது.

இப்போது நான் வேறு ஆபீஸில் இருக்கிறேன். இங்கேயும் எதற்கெடுத்தாலும் சிஸ்டம் தப்பு என்பார்கள். மிஷினுக்குச் சாவு தெரியாது, அதை மன்னிக்கலாம். தெரிந்தவர்களை என்ன செய்வது என்றுதான் எனக்கு இதுவரை விளங்கவில்லை.

சுடுகாட்டில் பால் தெளித்த மறுநாளே அண்ணன் அந்தப் பழைய ஆபீஸுக்கு வேலைக்கு வந்தார், மொட்டைத் தலையோடு. அப்பா செத்த அன்று விழுந்த வேலை கெடு தாண்டி, மூன்றாவது தாமதமாக அவர் பெயருக்கு நேரே சிவப்பில் நின்றது. லீடர் எல்லோர் முன்னாலும் அவரைக் கூப்பிட்டார். "ரூல்படி பாத்தா நீங்க இன்னைக்கு வீட்டுக்குப் போகணும்ண்ணே" என்றார். அண்ணனுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள், சாவுச் செலவு வேறு.

"ஆனா நான் விட்டுருவேனா? அன்னைக்குக் கரண்டு இல்ல, அதான் லேட்டுன்னு மேல எழுதிட்டேன். சாவுன்னு போட்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. கரண்டுன்னா பேசாம ஒத்துக்குவாங்க" என்று லீடர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். தட்டிவிட்டு, ஏதோ எதிர்பார்ப்பவர்போல அங்கேயே நின்றார்.

அண்ணன் கைகூப்பினார்.

"ரொம்ப நன்றி சார்."