உறை பிரிக்காத லைஃப் ஜாக்கெட்

கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பலில் என் மகனுக்கு வேலை. போன மாதம் திடீர்ப் புயலில் அந்தக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூழ்காமல் தப்பியது. ஆள் பதினான்கு, லைஃப் ஜாக்கெட்டும் பதினான்கு, கணக்கு சரிதான். ஆனால் அத்தனையும் உறைகூடப் பிரிக்காமல் பூட்டிய அறையில் கிடந்தன.

ரேணிகுண்டாவில் ரயிலிலிருந்து இறங்கிய மகனிடம் காரணம் கேட்டேன்.

"இன்ஸ்பெக்‌ஷனுக்குப் புதுசா காட்டணும்னு கேப்டன் பூட்டி வெச்சிக்கினு இருந்தாரு, நைனா. பூட்ட ஒடச்சித்தான் எடுத்தோம்."

"நீங்க பொணமானாலும் ஜாக்கெட் புதுசா இருக்கணுமா அந்த மேதாவிக்கு?"

அடுத்த வாரம் அதே கப்பலுக்குத் திரும்புகிறானாம். அவனுக்கென்று தனியாக ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கிவந்து, பிளாஸ்டிக் உறையை நானே கிழித்தேன்.

"கவர ஏன் கிழிக்கிறீங்க? அழுக்காயிடும்!" என்று ஓடிவந்தாள் என் மனைவி. வாங்கி நான்கு வருடமாகியும் சோபாவின் உறையைப் பிரிக்க விடாதவள்.

கேப்டன் வேலைக்கு இவளையே அனுப்பலாம்.