சோலார் அனுமதி கேட்டு ரங்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு

என் கணவர் கணேசனுக்கு நுரையீரல் நோய். இரவும் பகலும் ஆக்சிஜன் மெஷின் ஓடியாக வேண்டும். எங்கள் தீவு ஊரான ரங்கத்தில் கரண்ட் போவது புதிதல்ல. போனால் மெஷின் நின்றுவிடும். ஆத்திர அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் வைத்திருக்கிறோம். அது நெடுநேரம் தாங்காது. மாடியில் சோலார் போட்டுவிட்டால் பகலிலாவது பயமில்லாமல் இருக்கலாம் என்று நினைத்து, வீட்டு சோலார் மானியத் திட்டத்தில் விண்ணப்பித்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மின் இணைப்பு காலமான மாமனார் பெயரிலும், விண்ணப்பம் கணவர் பெயரிலும் இருந்ததுதான் காரணம். அதை நேரில் சரிசெய்யத்தான் மழை விட்ட ஜனவரியில் கிளம்பினேன்.

பக்கத்து வீட்டு ஷீலா சேச்சியை அவருக்குத் துணையாக விட்டுவிட்டு, காலை ஆறு மணி பஸ் பிடித்தேன். போர்ட் பிளேர் சுமார் நூற்று எழுபது கிலோமீட்டர். பாராடாங்கில் பஸ்ஸோடு படகில் ஏறிக் கடந்து, மிடில் ஸ்ட்ரெயிட்டில் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும் ஒன்பதரை மணி கான்வாய்க்குக் காத்திருந்தோம். அதன் பிறகு பழங்குடியினர் வாழும் காடுதான். வண்டியை நிறுத்த முடியாது, போனில் சிக்னலும் வராது. மற்றவர்கள் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். காடு முடியும் ஜிர்காடாங் தாண்டிச் சிக்னல் வந்ததும் சேச்சியை அழைத்தேன். "லைட் கயா தா, அபி ஆ கயா" என்றார். கரண்ட் போய், திரும்ப வந்துவிட்டதாம்.

போர்ட் பிளேர் போய்ச் சேர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. மின்துறை அலுவலகம் இருக்கும் டெலானிபூர் மேட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். விஷயத்தைக் கேட்ட வங்காளி டிரைவர், "காகஜ் பூரா ஹை, தீதி?" என்றார். காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது என்று பையைத் தட்டிக் காட்டினேன்.

அலுவலகத்தில் இருந்த இளம் என்ஜினியர் தமிழர். காகிதங்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

"பேர் மாத்துறது பெரிய விஷயமில்லக்கா. வாரிசு சர்டிபிகேட் இருக்கு. உங்க வீட்டுக்காரர் கூடப் பொறந்தவங்க கையெழுத்தும் இருக்கு. ஹோ ஜாயேகா, ஆயிடும். ஆனா கொஞ்சம் டைம் ஆகும்."

"சீக்கிரம் கிடைச்சா நல்லதுங்க தம்பி" என்று ஆக்சிஜன் மெஷினைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரும் உங்ககிட்ட சொல்லலையாக்கா? இந்தத் திட்டத்துல போடுற சோலார், லைன்ல கரண்ட் போச்சுன்னா தானா நின்னுடும்."

"வெயில் நல்லா அடிச்சாலுமா?"

"அடிச்சாலும்தான். அந்த நேரத்துல லைன்மேன் கம்பத்துல ஏறி நிப்பாரு. உங்க வீட்டு கரண்ட் லைனுக்குப் போச்சுன்னா அவரு உயிர் போயிடும். அதுக்காகத்தான் இந்த ரூல்."

"பேட்டரி வெச்சா?"

"வெக்கலாம். அதுக்கு வேற இன்வர்ட்டர் வேணும். பேட்டரிக்கு மானியம் கிடையாது. எல்லாம் மெயின்லேண்ட்லேருந்து கப்பல்ல வரணும்."

விலையையும் சொன்னார். எங்கள் மளிகைக்கடையை விற்றாலும் அவ்வளவு தேறாது. அவரிடம் கோபப்பட முடியவில்லை. கம்பத்தில் நிற்பவரும் ஒருத்தியின் புருஷன்தானே. அந்த ரூலைத் திட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று பத்துபஸ்தியில் சித்தி மகள் வீட்டில் தங்கினேன்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதென்று முதலில் பாருங்கள். கான்வாய்க்கு அடையாள அட்டை வேண்டும். பஸ் டிக்கெட்டை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கரண்ட் இல்லாத நேரத்தில் இந்த சோலார் ஓடுமா என்று கேளுங்கள். பில் குறைய வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல திட்டம். எனக்கு வேண்டியிருந்தது வேறு.

மறுநாள் வீடு திரும்பியபோது கரண்ட் இல்லை. அவர் சிலிண்டரில் இருந்தார்.

"கிடைச்சுதா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்க வாங்கக் கேட்டார். இந்தத் தீவில் பிறந்தவர் அவர். மெயின்லேண்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகப் போய்விடலாம் என்று நான் எத்தனையோ முறை கெஞ்சியும் அசையாதவர்.

"சரி... மெயின்லேண்டுக்கே போயிடலாம்... கப்பல் டிக்கெட்டுக்கு... எழுதிப் போடு" என்றார்.

போன வாரம் வீட்டை விலைக்கு வாங்குவதற்காகப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் அறை அறையாகப் பார்த்துவிட்டுப் போகும்வரை அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.